நிறம் மாறும் மட்டம்: நாப்போலியின் தொலேதோ நிலையமும் கல்லடி மணலும்

இத்தாலியின் நாப்போலி நகரத்தில் தொலேதோ என்றொரு நிலக்கீழ் மெற்றோ நிலையம் இருக்கிறது. 2012 செப்ரெம்பர் 17 இல் திறந்தார்கள். தெருவிலிருந்து ஏறத்தாழ 50 மீற்றர் ஆழம். இறங்கும்போது முதலில் தார்வீதியை நினைவூட்டும் கறுப்புக் கல் வரும். அடுத்து அந்த ஊர் மண்ணுக்குரிய மஞ்சட்காவி. கடல்மட்டத்தைத் தாண்டும் இடத்தில் சுவர் நீலமாகிவிடும், கீழே போகப்போக அந்த நீலமும் கடுமையாகும். ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒஸ்கார் துஸ்கெற்ஸ் வடிவமைத்தது. 2013 இல் கட்டடக் கலைக்கான லீஃப் விருதும், 2015 இல் சர்வதேச சுரங்கச் சங்கத்தின் விருதும் கிடைத்தன. ஐரோப்பாவின் மிக அழகான நிலையம் என்று பத்திரிகைகளும் எழுதின.

மட்டக்களப்பில் மெற்றோ வரப்போவதில்லை. 1928 இல் வந்த கோச்சி இன்னும் ஒற்றைத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. அப்படியிருந்தும் கட்டட வேலை பழகும் எங்கள் மாலை வகுப்பில் இந்த நிலையத்தை ஆய்வுக்கு எடுத்தோம். காரணம் தண்ணீர்தான். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் கல்லடி, நாவலடி மணலில் மாரி காலத்தில் இடுப்பளவு தோண்டினாலே ஊற்று வந்துவிடும். அத்திவாரம், மலசலகூடக் குழி, தண்ணீர்த் தொட்டி என்று எதைக் கட்டினாலும் மேசனுக்கு முதல் எதிரி அந்த ஊற்று. தொலேதோவைக் கட்டியவர்களுக்கும் அதே எதிரிதான். அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள், சமாளித்த பிறகு அதைச் சுவரில் எப்படிக் காட்டினார்கள் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

எங்களிடம் முன்பு படித்த தம்பி ஒருவர் இப்போது நாப்போலியில் வேலை செய்கிறார். படியில் இறங்கிக்கொண்டே கைபேசியில் எடுத்த காணொளியை அனுப்பியிருந்தார். வரைபடங்களோடு அதையும் வைத்துத்தான் பேசினோம்.

நிலம்

நாப்போலி எரிமலைகள் கொட்டிய சாம்பலின் மேல் இருக்கும் ஊர். மேலே பொலபொலத்த சாம்பல் மண். கீழே அதே சாம்பல் இறுகிக் கல்லான மஞ்சள் நிறத் தூபா. அந்தக் கல்லை உண்டாக்கிய வெடிப்பு நடந்து சுமார் 15,000 ஆண்டுகள் ஆகின்றன. வாளால் அறுக்கக்கூடிய அளவுக்கு மென்மையான கல் என்பதால், ஊர்க்காரர் தங்கள் காலடியிலேயே கல்லெடுத்து மேலே வீடு கட்டிக்கொண்டார்கள். எடுத்த இடமெல்லாம் இன்றும் பொந்தாகக் கிடக்கிறது. மேல் சாம்பலையும் வீணாக்கவில்லை. பக்கத்துப் பொத்சுவோலி ஊரின் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துத்தான் ரோமர்கள் தண்ணீருக்குள்ளேயே இறுகும் கொங்கிறீற்றைச் செய்தார்கள். இன்றைக்கும் சீமெந்துப் பையில் பொசொலானா என்ற பெயர் வருவது அதனால்தான்.

இவ்வளவு பழைய ஊரில் தோண்டினால் சும்மா மண் மட்டும் வருமா? ஒருகாலத்தில் நாப்போலியை ஆண்ட அரகோன் அரசர் காலத்து மதில் வந்தது. அதை இடிக்காமல் நிலையத்தின் மேல்தளத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். இன்னும் கீழே, புதிய கற்காலத்தில் உழுத வயலின் சால்கள் அப்படியே படிந்திருந்தன. அதே பாதையிலுள்ள முனிச்சிப்பியோ நிலையத்தைத் தோண்டியபோது ரோமர் காலத்துக் கப்பல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் வந்தபோது பொறியியலாளர் கைகட்டி நிற்க, தொல்லியலாளர் தூரிகையோடு இறங்கினார்.

உழவுச் சால் என்றதும் அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வரும் மாணவர் ஒருவருக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. சாலுக்குச் சால் இடைவெளி எவ்வளவு, மாட்டால் உழுததா, கையால் கீறியதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வயற்காரன் பிள்ளைக்கு மெற்றோவைவிட அதுதான் முக்கியமாகப் பட்டது. அதில் பிழையும் இல்லை.

தண்ணீருக்குள் தோண்டுவது

நிலையத்தின் கட்டுமானத்தைச் சுருக்கிச் சொன்னால் இப்படி. முதலில் ஆழமான குழியொன்று. அதன் சுவர்களை மண்ணை வெட்டி எடுக்கும் முன்பே கொங்கிறீற்றால் இறக்கிவிடுவார்கள். பிறகு உள்மண்ணை எடுத்துக்கொண்டு கீழே போவார்கள். அடிக்குப் போனதும் பக்கவாட்டில் திரும்பி, புகையிரதம் நிற்கும் மேடைகளுக்கான சுரங்கங்களை வெட்ட வேண்டும். குழிக்குச் சுவர் இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பும் இடத்தில் என்ன இருக்கிறது? தண்ணீர் ஊறிய சாம்பல் மண்ணும், வெடிப்பு விழுந்த தூபாக் கல்லும்தான்.

வகுப்பிலுள்ள மூத்த மேசன் அண்ணன் இந்த இடத்தில் கையை உயர்த்தினார். கிணறு இறக்குவதில் கைதேர்ந்தவர். கொங்கிறீற் வளையத்தை மணலில் வைத்து, உள்ளே நின்று மண்ணை அள்ள அள்ள வளையம் தன் பாரத்திலேயே இறங்கும். மேலே அடுத்த வளையத்தை ஏற்றுவார்கள். எங்கள் கரையோரக் கிணறுகள் இப்படித்தான் பிறக்கின்றன.

“அது சரி சேர். ஊத்துக்குக் கீழ போனா உள்ளுக்கிருந்து மணல் பொங்கி வரும். ஒரு வாளி அள்ளினா மறுகா ரெண்டு வாளி வந்து நிக்கும். தண்ணிய இறைக்க இறைக்கக் கூடத்தான் பொங்கும். அதுக்கு அவங்க என்ன செய்திரிக்காங்க?”

கேள்வி மிகச் சரியானது. தண்ணீர் மேல்நோக்கிப் பாயும் வேகம் கூடினால் மணல்மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடும். மண் திரவம் மாதிரி நடக்கும். உள்ளே நீரை இறைத்துத் தாழ்த்துவதால் வெளிநீரின் அழுத்த வித்தியாசம் கூடுகிறது, பொங்கலும் கூடுகிறது. கிணற்றில் இப்படி நடந்தால் மேசன் ஏறி வந்து தேநீர் குடிக்கலாம். 50 மீற்றர் ஆழத்தில், மேலே ஐந்து மாடி வீடுகள் நிற்கும்போது நடந்தால் வீதியே உள்ளே இறங்கும். நீரை நிரந்தரமாக இறைத்துத் தாழ்த்தலாமே என்றால், அதற்கும் வழியில்லை. நிலத்துநீர் தாழ்ந்தால் சுற்றியுள்ள மண் அமுங்கி, பழைய கட்டடங்கள் வெடிக்கும்.

அவர்கள் செய்தது நிலத்தை உறைய வைத்தது. வெட்டப்போகும் சுரங்கத்தைச் சுற்றிலும் வட்டமாக நீளத் துளையிட்டுக் குழாய்களைச் செருகினார்கள். நாப்போலியின் இந்தப் பாதையில் திரவ நைதரசனும் குளிர்ந்த உப்புநீரும் இரண்டுமே பயன்பட்டன. நைதரசன் −196 பாகை செல்சியசில் கொதிப்பது. குழாய்க்குள் விட்டால் சுற்றியுள்ள மண்ணிலிருக்கும் நீரைச் சில நாட்களிலேயே ஐஸாக்கிவிடும். ஆனால் ஒருதரம் ஓடிய நைதரசன் ஆவியாகிக் காற்றோடு போய்விடும், திரும்பக் கிடைக்காது, செலவு கடுமை. அதனால் உறைந்த பிறகு அந்த ஐஸைக் காப்பதற்கு −30 பாகை அளவிலான கல்சியம் குளோரைட்டு உப்புநீரைச் சுற்றவிடுவது வழக்கம். அதைக் குளிரூட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடலாம். குழாயைச் சுற்றி உருளையாக வளரும் ஐஸ் பக்கத்துக் குழாயின் ஐஸோடு ஒட்டும்போது ஒரு முழு வளையம் உண்டாகிறது. அந்த வளையத்துக்குள் நின்றுதான் மண்ணை வெட்டினார்கள். கொங்கிறீற் உறை போட்டு முடிந்ததும் குளிரை நிறுத்திவிடுவார்கள்.

“அப்ப ஐஸால கிணத்து வளையம் செய்திரிக்காங்க” என்றார் அண்ணன். அதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

இந்த முறைக்கும் சிக்கல்கள் உண்டு. நீர் உறையும்போது கனவளவு 9 சதவீதம் அளவுக்குக் கூடும், அதனால் மேலுள்ள நிலம் உயரலாம். உருகும்போது தாழலாம். இரண்டையும் நாளும் பொழுதும் அளந்துகொண்டிருக்க வேண்டும். நிலத்துநீர் ஓடிக்கொண்டிருந்தால் அது வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டி, வளையம் மூடாமல் தடுக்கும். நைதரசன் கசிந்தால் சுரங்கக் காற்றில் ஒட்சிசன் குறைந்துவிடும். மணமும் இல்லை, நிறமும் இல்லை, ஆள் விழுந்த பிறகுதான் தெரியும். உப்புநீர் ஊறிய மண் பூச்சியத்தில் உறையாது, கடல்நீருக்கு ஏறத்தாழ −2 பாகை வேண்டும். எங்கள் கரையில் நல்லதண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, கூட இறைத்தால் கிணறு உவர்க்கிறது என்பதை இங்கே எல்லோரும் அனுபவித்திருக்கிறார்கள். கரையோர நிலம் எங்கேயும் இந்தக் கணக்கைக் கேட்கும்.

இன்னொன்று, மிதப்பு. தண்ணீருக்குள் இருக்கும் வெறும் பெட்டியை நீர் மேலே தள்ளும். நிலையமும் ஒரு வெறும் பெட்டிதான். வகுப்பில் சின்னக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். வெளியளவு இரண்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் உயரமுள்ள நிலக்கீழ்த் தண்ணீர்த் தொட்டி. சுவர், அடி, மூடி எல்லாம் 10 சென்ரிமீற்றர் கனம். கொங்கிறீற்றின் நிறை ஏறக்குறைய நாலரைத் தொன். நிலத்துநீர் மூடி வரை ஏறினால் மேல்நோக்கித் தள்ளும் விசை ஆறு தொன். மாரியில் தொட்டியைக் கழுவுகிறேன் என்று வெறுமையாக்கி வைத்தால் அது ஒருநாள் காலையில் சரிந்து எழும்பி நிற்கும். பைப் எல்லாம் முறிந்திருக்கும். பேய்வேலை என்று சொன்ன வீடுகளும் உண்டு. 30 மீற்றர் நீருக்குக் கீழ் இருக்கும் அடித்தளத்தில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 30 தொன் தள்ளுகிறது. அதனால்தான் ஆழ நிலையங்களின் அடித்தளம் அவ்வளவு கனமாக இருக்கிறது. அலங்காரத்தைப் பார்க்க வருபவர் கண்ணுக்கு அது ஒருபோதும் படாது.

ரைல்ஸ்காரரின் கேள்வி

அலங்காரத்துக்கு வந்தபோது பேச்சு வேறு ஆட்களின் கைக்குப் போனது. ரைல்ஸ் பதிக்கும் இளைஞர்கள் வகுப்பில் பலர். கட்டாரில் வேலை செய்து திரும்பியவர்களும் இருக்கிறார்கள். காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். படம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் சுவரின் பொருத்துக்களைத்தான் பார்த்தார்களே தவிர, மொத்த அழகை அல்ல.

“என்னத்துக்குச் சேர் இவ்வளவு சின்னச் சின்னதா? ரெண்டடி ரைல்ஸ் போட்டா கெதியா முடியுமே.”

பதிலைச் சொல்லாமல் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினைக் கொண்டுவரச் சொன்னேன். உட்புறத்தில் உடைந்த ஆறங்குலத் துண்டொன்றை வைத்தால் நடுவில் இடைவெளி, ஓரங்களில் முட்டல். இரண்டங்குலத் துண்டு கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் விளிம்புகள் படிபடியாய்த் துருத்தின. கண்ணாடி மொசைக்கின் சிறு சதுரங்கள், வலையில் ஒட்டியபடியே, பேசினின் வளைவில் அப்படியே படிந்தன. தொலேதோவின் பெரிய மண்டபத்துக் கூரையும் சுவரும் வளைந்தவை. அங்கிருந்து ஒரு கூம்பு வடிவ வாய் தெரு வரைக்கும் மேலே போகிறது. ‘ஒளிக் குழி’ என்கிறார்கள். அடியில் நிற்பவர் அண்ணாந்து பார்த்தால் ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பது போல வானத்தின் வெளிச்சம் தெரியும். இரண்டு திசையிலும் வளையும் பரப்பைப் பெரிய ரைல்ஸால் மூட முடியாது. வெட்டி வெட்டிப் பதித்தாலும் உள்ளே பொள்ளல் விழும். கரண்டிப் பிடியால் தட்டினால் ‘டொக்’ என்று காட்டிக்கொடுக்கும் அந்தப் பொள்ளல் வீட்டுச் சுவரில் வெறும் அசிங்கம். மக்கள் தலைக்கு மேலே என்றால் ஆபத்து.

கண்ணாடிக்கு இன்னும் இரண்டு தகுதி. அது நீரை உறிஞ்சாது. நிறம் பூச்சில் இல்லாமல் உடம்பிலேயே இருப்பதால் உரசலில் மங்காது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடுமையாவதும் துண்டு சிறிதாக இருப்பதால்தான் முடிகிறது. வெளிர் துண்டுகளுக்கிடையே கடும் துண்டுகளை முதலில் பத்துக்கொன்று, பிறகு மூன்றுக்கொன்று, பிறகு பாதிக்குப் பாதி என்று கலந்துகொண்டு போனால் கண் அதை ஒரே நிறத்தின் ஏற்றமாகப் பார்க்கும்.

கட்டாரில் இருந்து வந்த ஒருவர் முக்கியமான விடயமொன்றைத் தொட்டார். நிலத்துக்குக் கீழே உள்ள சுவரில் நேரே ரைல்ஸ் ஒட்டவிட மாட்டார்கள் என்றார். உண்மைதான். எவ்வளவு நல்ல கொங்கிறீற்றென்றாலும் எங்கோ கசியும். அதனால் நிலக்கீழ் நிலையங்களில் பொதுவாக வெளிச்சுவருக்கும் அலங்காரச் சுவருக்கும் இடையில் வெளி விடுவார்கள். கசிந்த நீர் அந்த வெளிக்குள் வழிந்து அடியிலுள்ள வாய்க்காலுக்குப் போய், அங்கிருந்து இறைக்கப்படும். பயணி தொடும் சுவர் உலர்ந்தே இருக்கும். எங்கள் ஊரில் நடப்பது நேர்மாறு. மாரியில் ஈரம் ஏறி உப்புப் பூத்த சுவருக்கு மருந்து என்று அதன் மேலேயே மூன்றடிக்கு ரைல்ஸ் ஒட்டுகிறோம். உள்ளே அடைபட்ட ஈரம் மேலே ஏறி, ரைல்ஸ் முடியும் கோட்டுக்குச் சற்று மேலே மறுபடியும் பூக்கிறது. வீட்டுக்காரர் அடுத்த வருடம் நான்கடிக்கு ஒட்டச் சொல்கிறார். ரைல்ஸ்காரருக்கு வேலை கிடைக்கிறது, சுவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

என் பார்வையில் தொலேதோவின் பெரிய சாதனை மொசைக் இல்லை. கட்டுபவருக்கு எந்த மட்டத்திலிருந்து தொல்லை தொடங்கியதோ, அந்த மட்டத்தையே நிறம் மாறும் இடமாக வைத்தது. கறுப்பு வீதி, மஞ்சள் தூபா, நீலக் கடல். இது கதைக்காகச் சேர்த்த கற்பனை இல்லை, நிலத்தின் குறுக்குவெட்டு முகம். படியில் இறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இதற்குக் கீழே தண்ணீர் நிற்கிறது என்று விளங்கும். கீழே ஒரு நடைவழியில் அமெரிக்கக் கலைஞர் ரொபேர்ட் வில்சன் செய்த ஒளிப்பலகைகளில் கடல் அலை அசைகிறது. நடந்தால் அலையும் நடக்கும். அது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்பது என் எண்ணம். நீலம் சொன்ன பிறகு அலையும் வந்து சொல்லத் தேவையில்லை. வகுப்பில் பாதிப்பேர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அலைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

மட்டக்களப்பில் மெற்றோ வந்தால் வாசலில் முதலில் என்ன வரும் என்று கேட்டேன். ஒரே குரலில் விடை வந்தது: எங்கள் வாவிக்குப் பெயர்போன பாடும் மீன், சீமெந்தில், நீலப் பெயின்றோடு. சிரித்தோம். ஆனால் மீனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. வாவி எங்களுடையது, மீனும் எங்களுடையது. குறை என்னவென்றால், அந்த மீனை எந்தக் கட்டடத்தின் முன்னாலும் எந்த மாற்றமும் இல்லாமல் வைக்கலாம். தொலேதோவின் நீலத்தை ஒரு மாடி மேலே தூக்கி வைத்தால் பொய்யாகிவிடும்.

மேல்தளத்தில் தென்னாபிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ற்றிட்ஜின் பெரிய மொசைக் ஓவியம் இருக்கிறது, நாப்போலியின் மாந்தர் ஊர்வலமாய்ப் போகிறார்கள். அதை வகுப்பு சீக்கிரமே கடந்துவிட்டது. நின்றது வேறோர் இடத்தில். அந்த நிலையத்தில் அக்கிலே செவொலி எடுத்த புகைப்படங்களும் மாட்டப்பட்டிருக்கின்றன. சுரங்கம் வெட்டிய தொழிலாளர்களின் படங்கள். மேசன் அண்ணன் இதைக் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்தார்.

“எங்கட ஆக்கள்ர படம் எந்தக் கட்டடத்தில இரிக்கி? துறந்து வச்சவர்ர பேர்தான் கல்லில இரிக்கும். கல்லப் பதிச்சவனும் நான்தான்.”

இதற்கு மேல் அன்றைக்கு அலங்காரம் பற்றி யாரும் பேசவில்லை.

செலவும் காலமும்

புகழ்ச்சி மட்டும் எழுதினால் ஆய்வு ஆகாது. இந்த மெற்றோப் பாதையின் வேலை 1976 இல் தொடங்கியது. முதல் பகுதி 1993 இல்தான் ஓடியது. தொலேதோ 2012 இல், அதே பாதையிலுள்ள துவோமோ நிலையம் 2021 இல். தொல்லியலும் தண்ணீரும் பணத்தட்டுப்பாடும் சேர்ந்து இழுத்த இழுப்பு. வேலை தொடங்கிய வருடம் பிறந்த பிள்ளைக்குத் தொலேதோ திறக்கும்போது 36 வயது. அழகான நிலையத்தில் வண்டிக்காக நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று எங்கள் தம்பியும் காணொளியின் முடிவில் முணுமுணுக்கிறார். கலைஞருக்குக் கொடுத்த பணத்தில் இன்னும் இரண்டு வண்டி வாங்கியிருக்கலாம் என்ற வாதம் அங்கே நிச்சயம் எழுந்திருக்கும். அதை நான் முழுதாக ஏற்கமாட்டேன். இப்படிப்பட்ட நிலையத்தில் பெருஞ்செலவு நிலத்தோடும் நீரோடும் போராடுவதற்கே போகிறது. மேற்பூச்சை மலிவாக்கி மிச்சம் பிடிப்பது பெரிய தொகையாக இருக்காது. ஆனால் அந்த உயரக் கூம்பின் மொசைக்கில் நாலு துண்டு கழன்றால் சாரம் கட்டித்தான் ஏற வேண்டும். பராமரிப்புச் செலவை வடிவமைக்கும் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும் என்று ரைல்ஸ்காரர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.

வகுப்புக்குக் கொடுத்த வேலை

ஒவ்வொருவரும் தங்கள் வளவுக் கிணற்றில் நீர்மட்டத்தை அளந்து வர வேண்டும். ஆவணியில் ஒருதரம், மார்கழியில் ஒருதரம். வாவி நிரம்பி முகத்துவாரத்தை வெட்டிவிட்டால், அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தரம். 2011 ஜனவரி வெள்ளம் வீட்டில் எந்த உயரத்துக்கு நின்றது என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் குறிக்க வேண்டும். பிறகு வளவின் குறுக்குவெட்டு முகத்தை ஒன்றுக்கு இருபது அளவில் வரைந்து, இந்த மட்டங்களை அதில் கோடாகப் போட்டு, மூன்று விடயங்களைத் தீர்மானிக்க வேண்டும்: ஈரத்தடுப்புப் படை எந்த மட்டத்தில், தண்ணீர்த் தொட்டியின் அடி எவ்வளவு கனத்தில், சுவர் ரைல்ஸ் ஒட்டலாமா கூடாதா. ஒட்டுவதென்றால் அதன் மேல்விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்பதையும் எழுத வேண்டும். நிறத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறேன்.